"சித்தி, சி.டி.சி. எவ்வளவு கேட்கணும்?"

போன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இரவு பத்து மணி இருக்கும், அக்கா மகள் கோவில்பட்டியிலிருந்து கூப்பிட்டாள். புதன்கிழமை அவளுக்குச் சென்னைப் பெருங்குடியில் இண்டர்வியூ. நெல்லை எக்ஸ்பிரஸில் டிக்கெட் எடுத்தாயிற்று, சர்டிஃபிகேட் எல்லாம் இரண்டு செட் ஜெராக்ஸ் எடுத்து ஃபைலில் போட்டாயிற்று, சுடிதாரைக்கூட அக்கா இஸ்திரி போட்டு வைத்துவிட்டாளாம். ஒன்றே ஒன்றுதான் பாக்கி, சம்பளக் கேள்வி. "சித்தி, எக்ஸ்பெக்டட் சி.டி.சி. எவ்வளவுன்னு கேட்டா என்ன சொல்லணும்? கூடக் கேட்டா வெளிய அனுப்பிருவாங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். சம்பளத்தைப் பற்றிக் கேட்பது ஏதோ கூடாத காரியம் என்று யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது தானாகவே வந்துவிடும்.

அன்றைக்குப் பேசி முடிக்கும்போது மணி பன்னிரண்டைத் தாண்டிவிட்டது. அப்புறமும் மனசுக்குள் ஓடிக்கொண்டே இருந்ததால் எழுதி வைக்கிறேன். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். அம்மா தீப்பெட்டி ஆபீஸ் வேலைக்குப் போய்த்தான் எங்கள் இரண்டு பேரையும் படிக்க வைத்தாள். திருநெல்வேலிப் பக்கம் இன்ஜினியரிங் முடித்து 2011-இல் இதே ரயிலில் எழும்பூரில் வந்து இறங்கினேன். இப்போது எங்கள் அலுவலகத்தில் புது ஆட்களை எடுக்கும் குழுவில் நானும் ஒருத்தி. எதிரில் வந்து உட்காரும் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் நான் வந்த வழியிலேயே வந்தவர்கள்தான், அவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று எனக்கு நன்றாகத் தெரிகிறது. அவர்கள் நினைக்கிற இடத்தில் அவர்கள் விழுவதில்லை. "இங்கிலீஷ் வரல, அதான் போச்சு" என்பார்கள். வந்த இங்கிலீஷ் போதுமானதாகத்தான் இருந்திருக்கும். தெரியாததைத் தெரியாது என்றும், புரியாததைத் திரும்பச் சொல்லுங்கள் என்றும் கேட்க வாய் வந்திருக்காது.

முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்." இதற்கு எல்லாக் காலேஜிலும் ஒரு மனப்பாட விடை உண்டு, சீனியரிடமிருந்து ஜூனியருக்குக் கைமாறி வரும். "மைசெல்ஃப் இன்னார், ஐ ஆம் கமிங் ஃப்ரம் கோவில்பட்டி, மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர், மை மதர் இஸ் எ ஹோம்மேக்கர், மை ஹாபீஸ் ஆர் லிசனிங் டு மியூசிக்" என்று ஒரே மூச்சில் ஓடும். நானும் அப்படித்தான் சொன்னேன், இதே ஊர்ப் பெயரோடு. அதில் தப்பென்று ஒன்றும் இல்லை, ஆனால் கேட்டவருக்கு அதில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அன்று காலையிலிருந்து அதே விடையை இருபது பேரிடம் கேட்டிருப்பார். அவர் தெரிந்துகொள்ள விரும்புவது மூன்றே விஷயம்: என்ன படித்தாய், நீயாகக் கையில் எடுத்துச் செய்த வேலை ஒன்று என்ன, இந்த வேலைக்கு ஏன் வந்தாய். ஒன்றரை நிமிடம் போதும்.

அக்கா மகளிடம் "நீயா செஞ்சது ஒண்ணு சொல்லு" என்றால் "ஒண்ணுமே இல்ல சித்தி" என்றாள். தோண்டிக் கேட்டால், தெருவில் மகளிர் குழுக் கணக்கு நோட்டை இரண்டு வருடமாக எக்ஸெலில் போட்டு வைத்திருப்பவளே அவள்தான். யார் எவ்வளவு கட்டினார்கள், யாருக்கு எத்தனை தவணை பாக்கி, வங்கிக்குப் போவதற்கு முன்னால் எந்தத் தேதியில் யாருக்கு ஞாபகப்படுத்த வேண்டும் எல்லாம் அவள் தாளில் இருக்கிறது. அதை ஒரு வேலை என்றே அவள் நினைக்கவில்லை, யாரும் காசு கொடுக்கவில்லை இல்லையா. பணத்தைக் கையாண்டிருக்கிறாள், பதினைந்து பெரிய மனுஷிகளைச் சமாளித்திருக்கிறாள், பிழை வந்தால் தேடிப் பிடித்துத் திருத்தியிருக்கிறாள். காலேஜ் ப்ராஜெக்ட்டை விட இது பெரிது, இதைச் சொல் என்றேன். நம் பிள்ளைகள் பெரும்பாலும் தங்களிடம் இருக்கிற நல்லதைத்தான் வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறார்கள்.

மற்றக் கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் உள்ளே இன்னொரு கேள்வி இருக்கிறது. "ஐந்து வருஷம் கழித்து எங்கே இருப்பாய்" என்றால், ஆறு மாதத்தில் ஓடிவிடுவாயா என்று அர்த்தம். "உன் பலவீனம் என்ன" என்றால், உன் குறை உனக்கே தெரியுமா, அதற்கு ஏதாவது செய்கிறாயா என்று அர்த்தம், அதனால் "நான் அளவுக்கு மீறி உழைப்பேன்" என்ற பழைய விடை வேண்டாம். உண்மையான சின்னக் குறை ஒன்றைச் சொல்லி, அதற்கு என்ன செய்கிறாய் என்று சேர்த்துச் சொன்னால் போதும். அரியர் இருந்ததா, ஒரு வருடம் இடைவெளி ஏன் என்று கேட்டால் நடந்ததை இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிட்டு நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவதுதான் சிரமம். பயத்தில் நாம் விளக்கம் சொல்லிக்கொண்டே போவோம், போகப் போக ஏதோ மறைக்கிற மாதிரி ஆகிவிடும். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஒரு வருடம் வீட்டில் இருந்தேன், அந்த நேரத்தில் இதைப் படித்தேன். அவ்வளவுதான்.

பொய் மட்டும் கூடாது. போலி அனுபவச் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்று சொல்லும் கன்சல்டன்சிகள் இன்றைக்கும் இருக்கிறார்கள், ரொம்ப நம்பிக்கையாகப் பேசுவார்கள். பி.எஃப்., அதாவது வருங்கால வைப்பு நிதிக் கணக்குக்கு 12 இலக்க யு.ஏ.என். என்று ஒரு எண் உண்டு, எந்தக் கம்பெனியில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை இருந்தாய் என்ற விவரம் அதில் பதிவாகிவிடும். சேர்ந்த பிறகு நடக்கும் சரிபார்ப்பில் மாட்டினால் வேலை அன்றைக்கே போகும், அடுத்த இடத்திலும் தலை நிமிர முடியாது. மூன்று வருட அனுபவம் என்று சொல்லி வந்து, எட்டாவது மாதம் அடையாள அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போன பையன் ஒருவனை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேலையில் கெட்டிக்காரன். ஃப்ரெஷர் என்று சொல்லியே வந்திருக்கலாம் என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன்.

பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வரும் கேள்வி ஒன்று இருக்கிறது. 2011-இல் என்னைக் கேட்டார்கள், "கல்யாணம் எப்போ? கல்யாணம் ஆனா வேலைய விட்டுருவீங்களா?" என்று, மூன்று ஆண்கள் எதிரில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கேட்டார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு "இப்போதைக்கு இல்லை சார்" என்றேன். அந்தக் குனிவு இன்றும் எனக்கு உறுத்துகிறது. அக்கா மகளுக்கு ஒரு வாக்கியம் கொடுத்திருக்கிறேன், கோபம் இல்லாமல், குழைவும் இல்லாமல் சொல்லச் சொல்லியிருக்கிறேன்: "ஐ வுட் லைக் டு கீப் தட் பிரைவேட். இட் வில் நாட் அஃபெக்ட் மை வொர்க்." இதைச் சொன்னதற்காக வேலை தரவில்லை என்றால் அந்த இடம் வேண்டாம் என்று நான் சொல்வேன். வீட்டுச் சூழ்நிலையில் அப்படிச் சொல்ல எல்லோராலும் முடியாது என்றும் தெரியும். முடிகிறவர்கள் சொல்லட்டும்.

நைட் ஷிஃப்ட் பற்றியும் வாயைத் திறந்து கேட்க வேண்டும். இரவில் பெண்களை வேலை வாங்கினால் எழுத்துபூர்வச் சம்மதமும் போக்குவரத்து ஏற்பாடும் இருக்க வேண்டும் என்பது இங்கே விதி. கேப் வீட்டு வாசல் வரை வருமா மெயின் ரோட்டோடு நின்றுவிடுமா என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

சரி, அவள் கேட்ட சம்பளக் கேள்விக்கு வருகிறேன். சி.டி.சி. என்பது உனக்காகக் கம்பெனி ஒரு வருடத்தில் செலவழிக்கும் மொத்தத் தொகை. கைக்கு வருவது வேறு. அவளுக்குச் சொல்லியிருந்த தொகை 3 லட்சத்து 60 ஆயிரம். உடனே அவள் பன்னிரண்டால் வகுத்து மாதம் 30,000 என்று போட்டு, அம்மாவிடமும் சொல்லி, அம்மா பெரியம்மா வரை சொல்லிவிட்டாள். போனிலேயே கணக்குப் போட்டோம். அடிப்படைச் சம்பளம் பாதி, அதாவது மாதம் 15,000 என்று வைத்துக்கொண்டால், அதில் 12 சதவீதம், 1,800 ரூபாய், கம்பெனி பி.எஃப்.-க்குக் கட்டுகிறது, அதுவும் சி.டி.சி.க்குள்ளேயே அடக்கம். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை என்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம், மாதம் 720 ரூபாய் சொச்சம், அதையும் உள்ளே காட்டுவார்கள், பல வருடம் இருந்தால்தான் அது கண்ணில் படும். இவை போக வருவது 27,500-க்குப் பக்கம். அதிலிருந்து அவள் பங்கு பி.எஃப். இன்னொரு 1,800, தொழில் வரி கொஞ்சம். ஆக, கைக்கு வருவது 25,500-க்குக் கிட்டத்தட்ட. வேரியபிள் பே என்று பத்து சதவீதத்தைத் தனியே பிரித்து வைத்திருந்தால் மாதம் இன்னொரு 3,000 குறையும், அது வருடக் கடைசியில் வரலாம், குறைந்தும் வரலாம், வராமலும் போகலாம். இருபத்திரண்டாயிரம் சொச்சத்தில் ஹாஸ்டல், சாப்பாடு, பஸ், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் அடங்க வேண்டும்.

கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் பேசவில்லை. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. முதல் மாதச் சம்பளம் வந்த அன்று, ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்து நான் ஹாஸ்டல் பாத்ரூமில் நின்று அழுதேன், யாரும் ஏமாற்றியிருக்கவில்லை, எனக்குக் கணக்குத்தான் தெரிந்திருக்கவில்லை. அவள் அப்படி அழ வேண்டாம். அதனால் ஹெச்.ஆர். தொகையைச் சொன்னதும் கேட்க வேண்டிய கேள்வி இது: "வாட் வில் பி மை மன்த்லி இன்-ஹேண்ட்? இஸ் எனி பார்ட் ஆஃப் இட் வேரியபிள்?" ஹெச்.ஆர்.-இல் இருப்பவர்களுக்கு இது தினமும் கேட்டுப் பழகிய கேள்வி, யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். எவ்வளவு எதிர்பார்க்கிறாய் என்று அவர்கள் கேட்டால், "இந்த வேலைக்கு உங்களிடம் என்ன வரம்பு வைத்திருக்கிறீர்கள்" என்று திருப்பிக் கேட்கலாம். ஃப்ரெஷருக்குப் பெரும்பாலும் ஒரே தொகைதான் வைத்திருப்பார்கள், பேரம் பேச இடம் குறைவு, ஆனால் கேட்பதால் யாரும் வெளியே அனுப்புவதில்லை.

பாண்ட் விஷயம். இரண்டு வருடத்துக்குள் போனால் இத்தனை லட்சம் கட்ட வேண்டும் என்று எழுதி வாங்குகிறார்கள். "அதெல்லாம் கோர்ட்டில் நிக்காதுப்பா" என்று சொல்லும் அண்ணன் ஒருவர் எல்லா ஊரிலும் உண்டு. 2025 மே மாதம் ஒரு பொதுத்துறை வங்கி வழக்கில், மூன்று வருடம் முடிவதற்குள் விலகிய ஊழியரிடம் 2 லட்சம் வாங்கியது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எல்லாப் பாண்டும் அப்படியே செல்லும் என்று அதற்கு அர்த்தம் இல்லை, நிக்காது என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடக் கூடாது. படித்துப் பார், நோட்டீஸ் பீரியட், அதாவது வேலையை விடுகிறேன் என்று சொன்ன பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாள், 30 நாளா 90 நாளா என்று பார், சந்தேகம் இருந்தால் ஒரு நாள் டைம் கேள். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் காட்டலாம், காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொண்டு வந்துவிட வேண்டும், வைத்துவிட்டுப் போ என்றால் கிளம்பிவிடலாம். வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் டெபாசிட், ட்ரெயினிங் ஃபீஸ், லேப்டாப்புக்கு முன்பணம் என்று எந்தப் பெயரில் காசு கேட்டாலும் அது வேலை இல்லை, வலை. வெளிநாடு என்றால் இன்னும் கவனம். 2022-இல் தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போன நம் பையன்களை மியன்மாரின் மியாவாடிப் பக்கம் கொண்டுபோய் அடைத்து, ஆன்லைன் மோசடி செய்யச் சொல்லி அடித்தார்கள். மீட்கப்பட்டுச் சென்னை விமான நிலையத்தில் வந்து இறங்கியவர்களில் டிகிரி முடித்த பிள்ளைகளும் உண்டு. ஏஜென்ட் பதிவு பெற்றவர்தானா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பார்த்துவிட்டுத்தான் பாஸ்போர்ட்டைக் கையில் கொடுக்க வேண்டும்.

இனி இங்கிலீஷ். இதைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். அமெரிக்க இன்சூரன்ஸ் கிளெய்ம் சரிபார்க்கும் வேலை. கிளையன்ட் அனுப்பிய ஷீட்டில் ஒரு காலம், அதாவது நெடுவரிசை, எனக்குப் புரியவில்லை. சொந்தமாக எழுதிய முதல் மெயில் அது, நாலு தடவை படித்துப் பார்த்து அனுப்பினேன்: "ஐ ஹேவ் எ டவுட் இன் யுவர் டேட்டா." மறுநாள் காலையில் எங்கள் லீட், மேனேஜர், அந்தப் பக்கத்து மேனேஜர் எல்லோரையும் சேர்த்து ஒரு நீளமான பதில் வந்திருந்தது. எங்கள் தரவின் மேல் உங்களுக்கு என்ன சந்தேகம், எதில் பிழை கண்டீர்கள், உடனே விளக்குங்கள் என்று. எனக்குக் கை நடுங்கிவிட்டது. டீமில் இருந்த ஒரு அக்காதான், சேலத்துக்காரர், நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். "டவுட்னா நமக்குக் கேள்வி. அவங்களுக்கு நம்பலைன்னு அர்த்தம்மா. நீ கேக்க வந்தது என்ன? ஐ ஹேவ் எ கொஸ்டின் அபவுட் காலம் எஃப். அவ்வளவுதான்."

யோசித்துப் பார்த்தால் அந்த டவுட் எங்கிருந்து வந்தது என்று புரிகிறது. "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்று வகுப்பு முடியும்போது வாத்தியார் கேட்பார். நமக்குப் புரியாத எல்லாமே சந்தேகம்தான். அதை அப்படியே இங்கிலீஷில் வைத்தால் டவுட். இன்னொன்றும் அங்கிருந்தே வந்தது: வாத்தியார் கேட்பார், யாரும் கை தூக்க மாட்டோம். கை தூக்கினால் கவனிக்கவில்லை என்று அர்த்தமாகிவிடும், பின் பெஞ்சில் சிரிப்பார்கள். அந்தப் பன்னிரண்டு வருடப் பழக்கம் ஆபீஸ் மீட்டிங்கிலும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. "எனி கொஸ்டின்ஸ்?" என்றால் "நோ சார்" என்று முதலில் வாய் சொல்லிவிடும், அப்புறம்தான் மூளை யோசிக்கும்.

"சரி" என்கிற சொல்லும் அப்படித்தான். பெரியவர்கள் பேசும்போது சரி, சரி என்கிறோமே, அது கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கு. அதையே இங்கிலீஷில் "யெஸ், யெஸ், ஓகே" என்று சொன்னால் ஒப்புக்கொண்டதாக எழுதிக்கொள்வார்கள். வியாழக்கிழமைக்குள் முடியுமா என்று கேட்டுக்கொண்டே போவார், நாம் ஓகே ஓகே என்று கேட்டுக்கொண்டே இருப்போம், வியாழக்கிழமை வந்து நிற்கும். அதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் "பார்க்கலாம்". நம் ஊரில் பார்க்கலாம் என்றால் பாதி முடியாது என்று அர்த்தம், கேட்டவருக்கும் அது தெரியும், இரண்டு பேருக்கும் மரியாதை கெடாது. "ஐ வில் ட்ரை" என்று அதை மொழிபெயர்த்தால் அமெரிக்காக்காரருக்கு அது பாதி முடியும் என்று கேட்கிறது. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை, ஆனாலும் வேலை கெட்டுப்போகிறது.

இதற்கெல்லாம் இலக்கணம் படித்துத் தீர்வு காண முடியாது. சில வாக்கியங்கள் நாக்கில் தயாராக இருந்தால் போதும். எனக்குச் சேலத்து அக்கா கொடுத்தவை அவை, நான் டைரியின் பின் அட்டையில் எழுதி வைத்து, வேளச்சேரி ஹாஸ்டலில் இருந்து ஆபீஸ் போகும் பஸ்ஸில் உதடு அசைய அசையச் சொல்லிப் பார்ப்பேன். புரியாதபோது: "சாரி, குட் யூ சே தட் அகெய்ன்?" புரிந்த மாதிரி இருக்கிறது, நிச்சயமில்லை என்றால்: "ஜஸ்ட் டு கன்ஃபர்ம், யூ நீட் திஸ் பை தர்ஸ்டே, ரைட்?" தெரியாதபோது: "ஐ டோன்ட் நோ யெட். ஐ வில் செக் அண்ட் டெல் யூ பை ஃபோர்." இந்த மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது. யெட் என்ற குட்டிச் சொல்லும் கடைசியில் வரும் மணிக் கணக்கும் சேர்ந்து, தெரியாது என்பதை ஒரு வாக்குறுதியாக மாற்றிவிடுகின்றன. சொன்ன மணிக்குப் போய்ச் சொல்லிவிட வேண்டும், விடை கிடைக்காவிட்டாலும் கிடைக்கவில்லை என்று போய்ச் சொல்ல வேண்டும்.

வேலை தாமதமாகும் என்று தெரிந்தால், கெடு முடிந்த பிறகு மன்னிப்புக் கேட்பதை விட முந்தின நாளே "ஐ ஆம் பிஹைண்ட் ஆன் திஸ். ஐ நீட் ஒன் மோர் டே" என்று சொல்லிவிடலாம். ஏற்கனவே கை நிறைய வேலை இருக்கும்போது இன்னொன்றைக் கொண்டுவந்து வைத்தால் முடியாது என்று சொல்ல நமக்கு வாய் வராது, மேலதிகாரியிடம் முடியாது என்பதே நம் பழக்கத்தில் இல்லை. அதற்கும் ஒரு வழி இருக்கிறது: "ஐ கேன் டூ திஸ் டுடே, பட் தென் தி அதர் ஒன் மூவ்ஸ் டு மண்டே. விச் ஒன் ஃபர்ஸ்ட்?" முடிவை அவர் கையில் கொடுத்துவிடுகிறோம். முதல் தடவை இதைச் சொல்ல எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. மேனேஜர் ஒரு விநாடி யோசித்துவிட்டு, "ஓ, அப்போ அது மண்டே இருக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது இன்னொரு கஷ்டம். அப்பா வயதுள்ள மேனேஜரைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்றார்கள். எங்கள் பக்கம் பெயரோடு அண்ணாச்சி சேர்க்காமல் மளிகைக்கடைக்காரரைக்கூடக் கூப்பிட மாட்டோம். ஆறு மாதம் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிடாமலே சமாளித்தேன், அவர் இந்தப் பக்கம் திரும்பும் வரை மேசை ஓரத்தில் நிற்பேன். நிற்கிற நேரமெல்லாம் வேலை நிற்கும். சார் என்று கூப்பிடுவது அந்த ஆபீஸில் வழக்கமாக இருந்தால் சார் என்றே கூப்பிடலாம், பெயர்தான் வழக்கம் என்றால் முதல் வாரத்திலேயே பெயரைச் சொல்லிப் பழகிவிடுவது நல்லது. நாள் ஆக ஆக இன்னும் கூச்சமாகிவிடும்.

மெயிலுக்கு வருகிறேன். நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்தில் சொந்தமாக எழுதப் பழகிய ஒரே இங்கிலீஷ் லீவ் லெட்டர்தான். "ரெஸ்பெக்டட் சார், ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று தொடங்கி "தேங்கிங் யூ, யுவர்ஸ் ஒபீடியன்ட்லி" என்று முடிகிற அது. வெள்ளைக்காரன் காலத்து அலுவலகக் கடிதத்தின் வாடை இன்னும் போகவில்லை, தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவரின் கை அதில் தெரியும். ஆபீஸில் லீவ் எடுக்கும்போதும் காய்ச்சல் எத்தனை டிகிரி, டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதுகிறோம். அங்கே படிப்பவருக்கு வேண்டியது வேறு: இன்று வரமாட்டேன், மூன்று மணி ரிப்போர்ட்டை இன்னார் பார்த்துக்கொள்வார், நாளை வருவேன். மூன்று வரி. சாட்டில் "ஹாய்" என்று மட்டும் போட்டுவிட்டு அவர் பதிலுக்குக் காத்திருப்பதும் வேண்டாம். ஹாய்க்குப் பின்னாலேயே கேள்வியையும் எழுதிவிட்டால் அவர் நேரம் கிடைத்தபோது பதில் போட்டுவிடுவார்.

"டூ த நீட்ஃபுல்" (ஆவன செய்யவும்), "ரிவர்ட்" (பதில் போடு), "ப்ரீபோன்" (முன்னதாக வைத்துக்கொள்) இவற்றைக் கண்டால் சிரிப்பவர்கள் உண்டு. எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்காது. இந்தியா முழுக்க அலுவலகங்களில் கோடிக்கணக்கான ஆட்களுக்குப் புரிகிற சொற்கள் அவை, போஸ்ட்போன் இருக்கும்போது ப்ரீபோன் இருந்தால் என்ன குறைச்சல், அது ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலேயே ஏறிவிட்டது. நம் ஆட்களுக்குள் தாராளமாக எழுதலாம். வெளிநாட்டு ஆளுக்கு எழுதும்போது மட்டும், அவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, டூ த நீட்ஃபுல் என்பதற்குப் பதிலாக என்ன செய்ய வேண்டுமோ அதையே எழுதிவிடு. "பாஸ்ட் அவுட் இன் 2025" என்பதையும் அவர்களிடம் சொல்ல வேண்டாம், மயங்கி விழுந்தாய் என்று எடுத்துக்கொள்வார்கள். கிராஜுவேட்டட் போதும்.

எப்படிப் பழகுவது என்றால், "ஹிந்து பேப்பரைத் தினமும் படி" என்று எல்லாப் பெரியவர்களும் சொல்வார்கள். நானும் இரண்டு வருடம் படித்தேன், வாசிப்பு வளர்ந்தது, அதற்கு நன்றி. வாய் மட்டும் திறக்கவில்லை, ஏனென்றால் தலையங்கம் போல யாரும் பேசுவதில்லை. பேசித்தான் பேச்சு வரும். போனில் உன் குரலையே பதிவு செய்து கேள், முதல் நாள் கேட்க முடியாது, நாலாவது நாள் எங்கே திக்குகிறாய் என்று தெரிந்துவிடும். ஹாஸ்டல் தோழியோடு இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் பேசு, தப்பைத் திருத்த வேண்டாம் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பல ஆயிரம் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்வதற்கு முன்னால் இலவசமாக என்ன கிடைக்கிறது என்று பார். 2022-இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் காலேஜ் பிள்ளைகளுக்கு இங்கிலீஷும் இண்டர்வியூப் பயிற்சியும் இருக்கிறது. நான் படித்த காலத்தில் அப்படி ஒன்று இருந்திருந்தால் என்று அதைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

கடைசியாக அவர்கள் கேட்கும் "டூ யூ ஹேவ் எனி கொஸ்டின்ஸ் ஃபார் அஸ்?" இதற்குத்தான் அவளை ரொம்ப நேரம் தயார் செய்தேன். நான் எடுக்கும் இண்டர்வியூக்களில் பத்தில் எட்டுப் பேர் "நோ மேம்" என்று எழுந்துவிடுகிறார்கள், கதவு வரை நிம்மதியாக நடந்து போகிறார்கள். ஏதோ ஒன்று கேட்க வேண்டுமே என்று கேட்காதே, உனக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியது என்ன என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள், "சேந்த புதுசுல எனக்கு ஏதாச்சும் புரியலன்னா யார்ட்ட போய்க் கேக்கன்னு தெரியணும் சித்தி." அதையே கேள் என்றேன். இங்கிலீஷில் மாற்றிச் சொல்லிக் கொடுத்தேன், ஏழெட்டுத் தடவை சொல்லிப் பார்த்தாள்.

புதன்கிழமை மத்தியானம் கூப்பிட்டாள், பெருங்குடி பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டு, பின்னால் ஹார்ன் சத்தம். கல்யாணக் கேள்வி வரவில்லையாம். மகளிர் குழுக் கணக்கைப் பற்றிக் கால் மணி நேரம் கேட்டிருக்கிறார்கள், தவணை தவறினால் எப்படிக் கண்டுபிடிப்பாய் என்றெல்லாம். ஒரு கேள்வி புரியாமல் "குட் யூ சே தட் அகெய்ன்" என்று கேட்டிருக்கிறாள், அவர் மெதுவாகத் திரும்பச் சொன்னாராம். இன்-ஹேண்ட் எவ்வளவு என்று கேட்டாளாம், 23,800, வேரியபிள் தனி. கடைசியில் அவளுடைய கேள்வியையும் கேட்டிருக்கிறாள். எதிரில் இருந்த அம்மா பேனாவை மூடி வைத்துவிட்டு, முதல் மூன்று மாதம் யார் கூட உட்கார வைப்போம், யாரிடம் என்ன கேட்கலாம் என்று விவரமாகச் சொன்னாராம்.

முடிவு இன்னும் வரவில்லை. ஒரு வாரத்தில் சொல்கிறோம் என்றார்கள், இன்று எட்டாவது நாள். "மெயில் போடலாமா சித்தி, தொந்தரவுன்னு நினைப்பாங்களோ" என்று கேட்டாள். போடலாம் என்றேன். முதலில் எனக்கு எழுதி அனுப்பினாள், நாலு வரி. என்றைக்கு வந்தாள், எந்த வேலைக்கு, ஏதாவது தகவல் உண்டா, இன்னும் ஏதாவது சான்றிதழ் தேவையா. மேலே "ரெஸ்பெக்டட் மேடம்" என்றிருந்தது, அதை அப்படியே விட்டுவிட்டேன், அந்த அம்மாவிடம் அவளுக்கு நிஜமாகவே மரியாதை இருக்கிறது. "சாரி ஃபார் த டிஸ்டர்பன்ஸ்" என்று கடைசியில் ஒரு வரி போட்டிருந்தாள். அதை மட்டும் எடுத்துவிட்டு, நாளைக் காலை பத்து மணிக்கு அனுப்பு என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்.